நூறு ரூபாய் நீதி

தாயும் தகப்பனும் பிரிந்துவிட்ட பின்னர் குழந்தை ஒருவரிடம் வளர, மற்றவர் அதனைக் குறித்த நாளில் கண்டு பேசலாம் என்று குடும்பக் கோர்ட்டு உத்தரவிடுவது வழக்கம். அவ்வுத்தரவு காகிதத்தோடு நின்றுவிடுவதும் அபூர்வமான விஷயமல்ல. குழந்தைக்கு ஜுரம் என்று ஒரு வாரம். பரீட்சை என்று மறு வாரம். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அதற்கடுத்த வாரம். உத்தரவு கையில் இருக்கிறது. குழந்தையோ கண்ணில் படவில்லை. இந்த நிலைமையைச் சட்டசபைகளும் நியாயஸ்தலங்களும் இனியும் பொறுத்துக்கொண்டிருப்பது தகாது என்பது நமது அபிப்பிராயம்.

வட சென்னையைப் போன்ற உழைப்பாளர் பிரதேசத்தில் இதன் கொடுமை இரட்டிப்பாகிறது. தகப்பன் ராயபுரத்திலும் தாய் எண்ணூரிலும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையே இருப்பவை கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் சில ரயில் நிலையங்களே. ஆனால் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் செல்லும் மீனவர் என்று கரை திரும்புவார் என்பது கடலையும் காற்றையும் பொறுத்தது. எண்ணூர்த் துறைமுகத்திலும், மணலி, திருவொற்றியூர் ஆலைகளிலும் முறைவைத்து வேலை செய்கிறவருக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. குழந்தையைப் பிரிந்திருப்பவள் மீன் விற்றுப் பிழைக்கும் தாயானால், காலை வியாபாரத்தை விட்டுத்தான் வரவேண்டும். இவர்கள் ஒரு நாள் வருமானத்தை இழந்து, ஹைகோர்ட்டு வளாகத்துக்கு வந்து, குடும்பக் கோர்ட்டில் காத்திருந்து, குழந்தை வராமையால் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். வரவில்லை என்று முறையிடுவதற்கு இன்னொரு நாள் வருமானம் போகிறது. வசதியுள்ளவர் மனுவுக்கு மேல் மனுப் போடலாம். கூலிக்காரரோ இரண்டு மூன்று முறை ஏமாந்தபின் உத்தரவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

இவ்விஷயத்தில் முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. சந்திக்கும் உரிமை தாய்க்கோ தகப்பனுக்கோ வழங்கப்படும் சலுகையன்று. அது குழந்தையின் உரிமை. 2020-ஆம் வருஷ ஜனவரியில், அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெண் குழந்தையைப் பற்றி ராஜஸ்தானிலிருந்து வந்த வழக்கில், நீதிபதிகள் தீபக் குப்தாவும் அனிருத்த போஸும் இதைத் திட்டமாகக் கூறினார்கள். பெற்றோர் இருவரின் அன்பையும் பெறக் குழந்தைக்கு உரிமை உண்டென்றும், நேரில் காண முடியாதவர் வீடியோ மூலமாவது பேச வழி செய்ய வேண்டுமென்றும் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பில் விளக்கியது. 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9-வது ஷரத்தும் இதையே சொல்லுகிறது. எனவே உத்தரவை மீறுகிறவர் தம் எதிரியைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு, தாம் வளர்க்கும் குழந்தையின் சொத்தையே பறிக்கிறார்.

அதைத் தடுக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின் 45-வது பிரிவைப் பார்ப்போம். குழந்தையைக் கொண்டுவந்து காட்டும்படி கோர்ட்டு இட்ட கட்டளையை மீறினால் அபராதம் 100 ரூபாய்க்கு மேற்படாது. பிடிவாதம் செய்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய். எல்லாம் சேர்ந்து 500 ரூபாயைத் தாண்டக்கூடாது! விக்டோரியா மகாராணி காலத்தில் அந்த நூறு ரூபாய் ஒரு கூலியாளின் பல மாத வருமானம். இன்று அது எண்ணூரிலிருந்து பாரிமுனைக்கு ஆட்டோவில் வந்து திரும்பக்கூடக் காணாது. குழந்தையைக் காட்டச் சம்மதிக்கும் வரையில் சிவில் சிறையில் வைக்கலாம் என்றும் அப்பிரிவு சொல்லுகிறது. 1984-ஆம் வருஷத்துக் குடும்பக் கோர்ட்டுச் சட்டப்படி, உத்தரவை சிவில் டிக்ரியைப்போல நிறைவேற்றக் கேட்கலாம். 1971-ஆம் வருஷத்துக் கோர்ட்டு அவமதிப்புச் சட்டப்படி ஹைகோர்ட்டுக்குப் போனால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

வழிகள் பல இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு புது வழக்கு. ஒவ்வொன்றிலும் நோட்டீஸ், எதிர்மனு, வாய்தா. முடிவில் நீதிபதியின் முன் நிற்பது ஒரு தர்மசங்கடம். குழந்தைக்குச் சோறூட்டித் தூங்கவைக்கிறவரைச் சிறைக்கு அனுப்பினால், தண்டனை யாருக்கு? இதை எண்ணி நீதிபதி கை தயங்குவது இயல்பே. ஒரு பக்கம் நூறு ரூபாய், மறு பக்கம் சிறை, இடையில் ஒன்றுமில்லை. மீறுகிறவர் நன்றாக அறிந்து வைத்திருப்பது இந்த வெற்றிடத்தைத்தான்.

கடைசி அஸ்திரமாக வளர்ப்புப் பொறுப்பையே மாற்றுவதுண்டு. சிறு வயது முதல் தகப்பனிடமே வளர்ந்து, தாயிடமிருந்து விலக்கப்பட்ட ஒரு பெண் குழந்தையைத் தாயிடம் ஒப்புவிக்கும்படி டில்லி ஹைகோர்ட்டு செய்த முடிவை, 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு உறுதிப்படுத்தியது. ஒருவர் பிடியிலேயே வளர்ந்த குழந்தை சொல்லும் விருப்பம் அதன் சொந்த விருப்பந்தானா என்று அப்போது கேட்கப்பட்டது. அதே சமயம், குழந்தையின் மனத்தைக் கெடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டை ஆதாரமின்றி அவசரப்பட்டு எவர் மேலும் சுமத்தலாகாது என்று 2024 மே மாதத்தில் அதே கோர்ட்டு எச்சரித்தது. இரண்டும் நியாயமே. ஆனால் வீடு மாற்றுவது கடைசி மருந்து. அதுவரையில் நோய் முற்றவிடுவது வைத்தியமாகாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அடி உதைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வந்த பெண், அதே மனிதன் முன் குழந்தையைக் கொண்டு நிறுத்த வேண்டுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பயத்துக்குக் காரணம் இருக்குமானால், அதைக் கோர்ட்டில் சொல்லி உத்தரவை மாற்றவோ, மூன்றாமவர் கண்காணிப்பில் சந்திப்பு நடக்கவோ கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும். அம்மனுவும் உடனே விசாரிக்கப்பட வேண்டும். ஆனால் உத்தரவைத் தாமே ரத்து செய்துகொள்ளும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையை மறைப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள். குழந்தையின் சோறும் குழந்தையின் பாசமும் பண்டமாற்றுச் சரக்குகள் அல்ல.

மனத்தை மாற்றக் கோர்ட்டால் முடியாது என்பதும் உண்மையே. 2022-ல் சென்னை ஹைகோர்ட்டின் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் தகப்பனை விருந்தாளியாகக் கருதி உபசரிக்குமாறு தாய்க்குச் சொன்னார். இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கிவிட்டது. உபசாரத்தைச் சட்டத்தால் வரவழைக்க இயலாது. குறித்த நேரத்தில் குழந்தையை வரவழைக்க இயலும். அதைச் செய்தால் போதும்.

பிற தேசங்கள் இடைவழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, உத்தரவை மீறியவரை 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமின்றிப் பொதுவேலை செய்யச் சொல்லலாம். மற்றவருக்கு ஏற்பட்ட பண நஷ்டத்தையும் கொடுக்கச் செய்யலாம். ஆஸ்திரேலியாவில் இழந்த சந்திப்புக்கு ஈடாக வேறு நாட்கள் வழங்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நமது சட்டக் கமிஷனும் 2015 மே மாதத்தில் தனது 257-வது அறிக்கையில், சந்திப்பு ஏற்பாடுகளைக் கார்டியன் சட்டத்திலேயே விளக்கமாகச் சேர்க்கச் சிபார்சு செய்தது. சிபார்சு அலமாரியில் இருக்கிறது. 1890-ஆம் வருஷத்து நூறு ரூபாய் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. உத்தரவிலேயே நாள், மணி, இடம், குழந்தையை அழைத்துவர வேண்டியவர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். முறைவேலைக்காரருக்கும் கடலுக்குச் செல்பவருக்கும் மாற்று நாளையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். தவறிய ஒவ்வொரு நாளுக்கும் ஈடான நாள் புது மனுவின்றித் தானாகவே சேர வேண்டும். கோர்ட்டு ஆலோசகர் வைத்திருக்கும் வருகைப் பதிவே சாட்சியாக, இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். காரணமின்றி மீறியவர், மற்றவர் இழந்த கூலியையும் பயணச் செலவையும் கொடுக்க வேண்டும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடமோ சமூகக் கூடமோ ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இச்சந்திப்புகளுக்குத் திறந்திருக்குமானால், குழந்தைகள் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டிய அவசியமே இராது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வக்கீல் உதவி பெற உரிமையுண்டு என்பதைத் தொழிற்சங்கங்கள் ஆலை வாசல்தோறும் அறிவிக்க வேண்டும்.

இவற்றில் முதல் மூன்றையும் செய்ய நீதிபதியின் பேனாவே போதும். இழப்பீட்டுக்குச் சட்டத் திருத்தம் தேவையானால், அதைப் பார்லிமெண்டு தாமதமின்றிச் செய்ய வேண்டும். சொத்து வழக்கு பத்து வருஷம் நடந்தாலும் நிலம் இருந்த இடத்தில் இருக்கும். மூன்று வயதுக் குழந்தை மூன்று வயதாகவே காத்திருக்காது. குழந்தைப் பருவத்துக்கு வாய்தா கிடையாது என்பதை அதிகாரத்திலுள்ளோர் உணர்ந்து விரைந்து செயலாற்றுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.