வேருக்குத் தெரிந்த அளவு

சிட்னியைச் சுற்றியுள்ள மணற்பாறை நிலத்தில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆனாலும் அங்கே பேங்க்சியா செழிக்கிறது. 1770இல் பாட்டனி விரிகுடாவில் அதைச் சேகரித்த ஜோசப் பேங்க்ஸின் பெயரையே தாங்கி நிற்கும் மரம் அது. அதன் பக்கவேர்களில் ஆங்காங்கே சிறுவேர்கள் பாட்டில் கழுவும் பிரஷ் போல நெருக்கமாக முளைக்கும். அவற்றிலிருந்து கசியும் கரிம அமிலங்கள், இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கும் பாஸ்பேட்டை விடுவிக்கும். ஆனால் பேங்க்சியா சேர்ந்த தாவரக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்குச் சாதாரணத் தோட்ட உரத்தை அள்ளிப் போட்டால் இலை மஞ்சளித்துக் கருகும், செடியே பட்டுப்போகவும் கூடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹேக்கியா செடியை ஆராய்ந்த மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழு 2004இல் காரணத்தைச் சொன்னது: உள்ளே போதுமான அளவு சேர்ந்த பிறகும் அதன் வேருக்கு உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளத் தெரியவில்லை. (கறிவேப்பிலைக்குப் போடும் உரத்தைப் பக்கத்துப் பேங்க்சியாவுக்கும் போடாதீர்கள்.)

பயிர்களின் வேர் இப்படி இல்லை. மண்ணில் பாஸ்பேட் குறைந்தால் கோதுமையின் வேர், அதை உள்ளிழுக்கும் புரதங்களைக் கூட்டிக்கொள்கிறது, வேர்ப்பூஞ்சையின் துணையையும் நாடுகிறது. போதுமானது கிடைத்ததும் இரண்டையும் குறைத்துக்கொள்கிறது. வெள்ளை லூபின் பஞ்சத்தில் கொத்துவேர் விட்டுச் சிட்ரேட்டைக் கசியவிடும், வளமான மண்ணில் அந்தச் செலவைத் தவிர்க்கும். ஆகவே தேவைக்கு மேல் பாஸ்பேட்டைக் கொட்டுகிறவர் பயிருக்குப் பலம் கூட்டவில்லை, அது தானே தேடும் வேலையைத்தான் நிறுத்துகிறார். விதைத் தேர்விலும் இந்த இழப்பு தெரிகிறது. 'கசலாத்' என்ற பாரம்பரிய நெல்லில், இளம் வேரை விரைந்து வளர்த்துப் பாஸ்பரஸைத் தேட உதவும் மரபணு ஒன்றைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அடையாளம் கண்டு 2012இல் அறிவித்தார்கள். நவீன ரகங்கள் பலவற்றில் அந்த மரபணுவே இல்லை. உரம் நிறைந்த வயலில் வைத்தே ரகங்களைப் பொறுக்கினால் தேடும் வேருக்கு அங்கே மதிப்பிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

சூப்பர் பாஸ்பேட் உரம் இல்லாமல் விக்டோரியாவில் கோதுமை ஏது என்று விவசாயிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நவுரு போன்ற தீவுகளைச் சுரண்டி எடுத்த பாஸ்பேட்தான் இந்த வறிய மண்ணைப் பல தலைமுறைகளாக விளைய வைத்தது. வேரை மட்டும் நம்பி எடுத்துக்கொண்டே இருந்தால் மண் ஒருநாள் வெறுமையாகும் என்பதும் உண்மை. அறுவடையோடு வெளியேறுவதைத் திருப்பித் தரத்தான் வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டதால் மாட்டுப்பண்ணை மேய்ச்சல் நிலங்கள் பலவற்றில் தேவைக்கு மேலேயே பாஸ்பரஸ் சேர்ந்திருக்கிறது. அங்கே மேலும் போடுவதால் புல் கூடுதலாக வளராது. மிஞ்சியது மழையோடு ஓடி நீர்நிலைகளில் பாசியை வளர்க்கும். மண்ணில் இருப்பது எவ்வளவு என்று சொல்ல ஓல்சன், கோல்வெல் பரிசோதனைகள் நெடுங்காலமாகவே இங்கு புழக்கத்தில் உள்ளன. போன வருடம் போட்டோம் என்பதற்காக இந்த வருடமும் போடாதீர்கள். மண்ணைப் பரிசோதியுங்கள், போதும் என்று முடிவு வந்தால் இந்தப் பருவத்துக்குச் சூப்பர் பாஸ்பேட் மூட்டை வாங்காதீர்கள்.