புள்ளி யார் கணக்கில்?

புத்தூர் நால்ரோட்டைத் தினமும் கடக்கும் லாரி, லோடு ஆட்டோ டிரைவர்களுக்கு லைசென்ஸ்தான் சோற்றுப்பானை. அந்த லைசென்சில் குற்றத்துக்குக் குற்றம் புள்ளி போட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 2014-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட நகல் மசோதாவில் அந்த ஏற்பாடு இருந்தது. 2019-ல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. அபராதம் மட்டும் பல மடங்கு ஏறியது.

நம் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூர் சென்று வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இம்முறை பழகிய சங்கதி. அங்கே 24 மாதத்திற்குள் 24 புள்ளி சேர்ந்தால், முதல் முறை 12 வாரம் லைசென்ஸ் முடங்கும். 12 மாதம் தொடர்ந்து குற்றமின்றி ஓட்டினால் பழைய புள்ளிகள் அழிந்துவிடும். பிரிட்டனில் 3 ஆண்டுக்குள் 12 புள்ளி என்றால் சாதாரணமாகக் குறைந்தது 6 மாதம் தடை. மிதமிஞ்சிய கஷ்டம் நேரும் என்று கோர்ட்டில் நிரூபித்தால் விலக்குக் கிடைக்கலாம்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதலில் எச்சரிக்கை, திருந்த அவகாசம், பிறகே தண்டனை. இங்கே நடப்பது வேறு. சுப்ரீம் கோர்ட் நியமித்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-ல் இட்ட கட்டளைப்படி, அதிவேகம், சிவப்பு விளக்கை மீறுதல், குடிபோதை, ஓட்டும்போது போன் பேசுதல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் லைசென்சை நிறுத்திவைக்க வேண்டும். முதல் தவறுக்கும் இதே கதிதான்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்காக நாம் வாதாட வரவில்லை. அவன் சக்கரத்தில் சிக்குகிறவன் சைக்கிளில் மில்லுக்குப் போகும் தொழிலாளிதானே! ஆனால் அதிக பாரத்தை ஏற்றச் சொன்னது யார்? நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களைச் சரக்கு வண்டியில் அடைக்கச் சொன்னது யார்? மாட்டேன் என்றால் மறுநாள் வேறு டிரைவர். 2025 வரை அமலில் இருந்த 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. இரவெல்லாம் விழித்து ஓட்டுகிறவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.

அதிக பாரம் முதலாளிக்குத் தெரிந்தே, அவர் உத்தரவிலேயே ஏற்றப்பட்டது என்று கோர்ட் அனுமானிக்கலாம் என மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவு சொல்கிறது. பர்மிட்டை நிறுத்திவைக்கவும் ரத்துச் செய்யவும் 86-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆகவே புள்ளி வருமானால், பாரத்துக்கும் வேலை நேரத்துக்குமான புள்ளி முதலாளியின் பர்மிட்டில் ஏறட்டும். விடியற்காலையில் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு சர்க்கார் பஸ் விடட்டும்.

டிரைவர் தோழர்களுக்கு ஒன்று. 19-வது பிரிவின்படி, உங்கள் தரப்பைக் கேட்காமல் லைசென்சை நிறுத்தக் கூடாது. உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். நோட்டீஸ் வந்தால் வெறுமனே கையெழுத்திட்டு விடாதீர்கள். ஏற்றச் சொன்னது யார், எத்தனை மணிக்கு வண்டி எடுத்தீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். நகல் ஒன்றை சங்கத்திடம் சேருங்கள்.