நடக்கறதுக்கும் ஒரு ஃபைல் வேணும்

போன மாசம் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். சாயங்காலம் ஆனால் அவருக்குக் கொஞ்ச தூரம் நடந்தாகணும். எங்கள் சர்ஜாபூர் ரோட்டில் நடைபாதை என்று சொல்கிறார்களே, அது பாதி தூரம் உடைந்த சாக்கடை மூடி, மீதி தூரம் பைக் ஸ்டாண்ட். அதனால் ஆட்டோ பிடித்துக் கைகொண்டரஹள்ளி ஏரிக்குக் கூட்டிப் போனேன். இறங்கும்போது அம்மா கேட்டார்: "ஏண்டா, இந்த ஊர்ல நடக்கறதுக்குக்கூட ஆட்டோலதான் வரணுமா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த ஏரியைச் சுற்றிப் பாதை தானாக வந்துவிடவில்லை. 2009-ஐ ஒட்டி அக்கம்பக்கத்துக்காரர்கள் மாநகராட்சியோடு மல்லுக்கட்டி, கூடவே நின்று வேலையும் பார்த்து வந்தது. இப்படி ஊர் முழுக்கப் பாதை போட ஒரு பெரிய சந்தர்ப்பம் வந்தது. கோட்டை விட்டோம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

கொரோனாவில் படுத்த பொருளாதாரத்தை எழுப்ப, 2020 அக்டோபரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு 12,000 கோடி ரூபாய் அறிவித்தது. வட்டி கிடையாது, 50 வருஷத்தில் திருப்பினால் போதும். இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் சொல்கிறேன், இது பேருக்குத்தான் கடன், கிட்டத்தட்ட மானியம். நிபந்தனை என்ன? 2021 மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். அதாவது ஐந்தரை மாசம். அந்த அவகாசத்தில் யாருக்குப் பணம் போகும்? ஏற்கெனவே ஃபைல் தயாராக வைத்திருப்பவருக்கு. யாரிடம் ஃபைல் தயாராக இருக்கும்? ரோடு, பாலம் கட்டுகிற துறைகளிடம். நடக்கிறவனிடம் என்ன இருந்தது? ஒரு வாட்ஸப் குரூப்!

இன்னொரு வேடிக்கை. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டம் வந்தது. ஜாமீன் இல்லாமல் முதல் கடன் 10,000 ரூபாய். நானே எத்தனையோ விண்ணப்பம் பார்த்தேன். இளநீர் விற்கிறவருக்குக் கடன் கொடுத்தோம், சரி. அவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? ஜனங்கள் நடக்கிற இடத்தில்தானே வியாபாரம்? நடக்க இடமில்லாத தெருவில் அவர் யாரிடம் விற்றுத் தவணை கட்டுவார்?

"ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாத நேரத்தில் வாக்கிங் போகப் பாதை கேட்கலாமா?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் பாதை போடுவது என்றால் என்ன? மண் வெட்டணும், கல் பதிக்கணும், வேலி கட்டணும், மரம் நடணும். பாலம் கட்டுவதில் எந்திரம் தின்கிற பணம், இதில் கூலியாகப் போகும். அந்த வருஷம் கிராமத்து நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி கொடுத்தார்கள். நகரத்துக் கூலிக்காரருக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. தமிழ்நாட்டில் சி.ரங்கராஜன் குழு சொன்னபடி நகர்ப்புற வேலைத் திட்டத்தை 2022-ல் 100 கோடியில் ஆரம்பித்தார்கள். பாதை போடுவதற்கு அதைவிடப் பொருத்தமான பணம் உண்டா?

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்று ஒரு ஊர். அங்கே ஒரு சமுதாய அறக்கட்டளையும் நகராட்சியும் சேர்ந்து, நன்கொடை திரட்டி, 13 கி.மீ. நடை-சைக்கிள் பாதையை 2007-லேயே தொடங்கிவிட்டார்கள். 2008 சரிவுக்குப் பிறகு அரசு மீட்புப் பணத்தை இறக்கியபோது, வரைபடம், கணக்கு எல்லாம் கையில் தயார். 2010-ல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வாங்கினார்கள். மொத்தச் செலவே 6.3 கோடி டாலர்தான். பணம் வந்த பிறகு யோசிக்க ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம்மூரில் அரசாங்கத்தின் தப்பு பெரிசு. அந்த வட்டியில்லாக் கடன் அதோடு நிற்கவில்லை. 2024-25-ல் ஒன்றரை லட்சம் கோடியாக வளர்ந்தது. ஆனால் அது மாநிலங்களுக்குத்தான், குடிமக்கள் குழு போய்த் தட்ட ஒரு ஜன்னல்கூட இல்லை. நூற்றுக்கு ஒரு ரூபாயை மக்கள் மேற்பார்வையில் போடும் பாதைகளுக்கு ஒதுக்கியிருந்தால்கூட அந்த ஒரு வருஷத்துக்கே 1,500 கோடி. கவுன்சிலரிடம் போய்க் கேட்கலாம் என்றால், 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மன்றம் காலாவதியாகி, 2025-ல் அதை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கும்வரை தேர்தலே நடக்கவில்லை.

நம்ம தப்பும் சின்னதில்லை. "நாம வெளியூர்க்காரங்க, நமக்கேன் வம்பு?" என்று ஒதுங்குகிறோம். குழந்தைகள் இங்கேதான் பிறந்தன, வீட்டுக் கடன் இங்கேதான் கட்டுகிறோம், சொத்து வரி இங்கேதான் போகிறது. பிறகென்ன வெளியூர்? இன்னும் மோசம், பாதை வந்ததும் "அபார்ட்மெண்ட்காரங்களுக்கு மட்டும்" என்று கேட்டுக்கு வாட்ச்மேன் போடப் பார்க்கிறோம். சித்தாளையும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவையும் உள்ளே விடாத பாதைக்கு அரசுப் பணம் ஒரு பைசாகூட வரக்கூடாது என்பேன்.

அடுத்த சரிவு எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் மீட்புப் பணமும் வரும், அதற்கும் ஒரு மார்ச் 31 இருக்கும். இப்போதே நாலு குடும்பம் உட்காருங்கள். கூட ஒரு கன்னடக்கார நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தின் சர்வே எண், ராஜகாலுவே வரைபடம், ஒரு எஞ்சினியரின் மதிப்பீடு, பராமரிப்பு யார் பொறுப்பு, எத்தனை பேருக்குக் கூலி... இவ்வளவும் இருந்தால் ஃபைல் ரெடி.

கடன் கேட்டு வருகிறவர் கண்ணீரோடு மட்டும் வந்தால் நான் தண்ணீர்தான் கொடுக்க முடியும். கணக்கோடு வந்தால் கையெழுத்துப் போடலாம். அரசாங்கமும் அப்படித்தான்.

அம்மா தீபாவளிக்கு மறுபடி வருகிறார். அதற்குள் எங்கள் தெருவிலிருந்து ஏரி வரை அளந்து முடிப்பதாக இருக்கிறேன். டேப் வாங்கியாச்சு :-)