தோலும் நம் பொறுப்பும்



திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலை மருந்துக் கடையொன்றில் அண்மையில் ஒரு டப்பாவைக் கண்டேன். மேனிக்கும் மூட்டுக்கும் நல்லதெனக் கூறும் கொலாஜன் தூள் அது. அசைவக் குறி இருந்தது. எந்தப் பிராணி என்ற விவரமில்லை.

கொலாஜன் என்பது பிராணிகளின் தோலையும் எலும்பையும் கட்டிக் காக்கும் புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. அவ்வமைப்பை 1954-55ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்கான கொலாஜன் சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே கிடைத்தது.

ஆய்வுக்கூடத்தில் தோலின் முடியையும் கொழுப்பையும் நீக்கி, நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் குளிர்நிலையில் ஊறவைப்பர். பெப்சின் எனும் நொதியையும் சேர்ப்பதுண்டு. கரைந்து வரும் கொலாஜனை உப்பிட்டுப் பிரிப்பர். தோலை வெந்நீரில் காய்ச்சினாலோ, முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். மாத்திரைக் கூடுகள் பெரும்பாலும் அதனால் ஆனவை.

இங்கேதான் நாம் விழிப்படைய வேண்டும். பெப்சின் பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே தோல் ஹலாலான ஆட்டினுடையதாயினும் கேள்வி தீர்வதில்லை. எப்பிராணி, எவ்வாறு அறுக்கப்பட்டது, எந்த நொதி என மூன்றையும் வினவுதல் வேண்டும். முற்றிலும் உருமாறிய பொருளுக்கு விலக்கில்லை என்பார் சில ஆலிம்கள். ஜெலட்டினில் அம்மாற்றம் நிகழவில்லை என்பார் வேறு சிலர். விவரம் அறிந்தாலன்றோ அவர்களிடம் தீர்ப்புக் கேட்க இயலும்?

ஆனால், வினவுவதோடு நம் கடமை முடிந்துவிடுமா? செத்த ஆடொன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்கொள்ளலாமே என்றும், உண்பதே விலக்கு என்றும் உணர்த்தினார்கள். செத்ததன் தோலையே வீணாக்கலாகாதெனில், இறைவன் பெயரால் அறுத்த குர்பானித் தோலின் நிலை என்ன? விலை வீழ்ந்துவிட்டதென்று அதைக் குப்பையில் எறிவோரும் நம்மிடையே உளர்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்த சமுதாயம் நாம். உரித்த சில மணி நேரத்திற்குள் உப்பிட்டால் தோல் கெடாது. ஊர் ஜமாஅத்துகள் உப்பையும் இடத்தையும் ஏற்பாடு செய்து, உப்பிட்ட தோல்களை ஒன்றுதிரட்டட்டும். நம் தொழிலதிபர்கள், ஆய்வு நிலையத்தாரின் துணையுடன் ஹலாலான கொலாஜன் தயாரிக்க முன்வரட்டும். மதரஸாக்களுக்கும் வருவாய் கிட்டும். பிறரிடம் ஹலாலைக் கேட்கும் நாம், நம் கையிலுள்ள ஹலாலை மண்ணில் புதைக்கலாமா? சிந்திப்போமாக!