தேம்சுக் கரையில் ஒரு தள்ளிவைப்பு

இலண்டன் மாநகர். தேம்சு ஆற்றங்கரை. உலகக் கப்பல்களுக்கு விதி வகுக்கும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் மாளிகை. 2025 அக்டோபரில் அங்கே கூடினர் உலக நாடுகளின் பேராளர்கள். எதற்காக? ஏப்ரலில் 63 நாடுகள் ஆதரித்து, 16 நாடுகள் மட்டுமே எதிர்த்த திட்டத்துக்குச் சட்ட வடிவம் தர. கலைந்தபோது கையில் இருந்தது என்ன? ‘ஓராண்டு கழித்துப் பார்ப்போம்’ என்ற தீர்மானம்! தள்ளிவைக்க 57 வாக்கு. கூடாதென்று 49 வாக்கு.

வாக்குகள் விழுந்தனவா, விழவைக்கப்பட்டனவா? ஆதரிக்கும் நாடுகளின் கப்பல்களுக்குத் துறைமுகத் தண்டம், மாலுமிகளுக்கு விசாக் கட்டுப்பாடு என்று அமெரிக்க அரசு வெளிப்படையாகவே மிரட்டியது. எண்ணெய் வளம் கொழிக்கும் சவூதி அரேபியா தள்ளிவைப்பை முன்மொழிந்தது.

அத்துணை அஞ்சத்தக்க திட்டமா அது? பெருங்கப்பல்கள் தம் எரிபொருளின் கரிமத்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். வரம்பை மீறினால், மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் 100 டாலரோ 380 டாலரோ கட்டவேண்டும். அந்தப் பணம் தூய எரிபொருளில் ஓடும் கப்பலுக்குப் பரிசாகவும், வளரும் நாடுகளுக்கு உதவியாகவும் போகும். இவ்வளவுதான்! கடல் தம்மை விழுங்கிவிடுமோ என்று அஞ்சும் பசிபிக் தீவு நாடுகள் பல, ‘இது போதாது’ என்று ஏப்ரலில் நடுநிலை வகித்தன. போதாதென்று அவர்கள் புலம்பிய திட்டத்தைத்தான், பொறுக்கமாட்டோம் என்று இவர்கள் பொருமினர்.

முடியாத காரியமா என்றால், இல்லை. 2023இல் இலண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பயணிகள் விமானம் நிலத்தடி எண்ணெய் கலவாத எரிபொருளில் பறந்தது. அதே ஆண்டில் பசுமை மெத்தனாலில் ஓடும் சரக்குக் கப்பலை டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் கடலில் விட்டது. தடை அறிவியலில் இல்லை, விலையில் இருக்கிறது. விமானத்துக்கான தூய எரிபொருள் மண்ணெண்ணெயைப் போல் இரு மடங்கு, சில வேளை ஐந்து மடங்கு விலை. 2024இல் உலக விமானங்கள் எரித்ததில் அதன் பங்கு நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை. அதுவும் பெரும்பாலும் சமைத்து மீந்த எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வருவது. உலகத்தார் அனைவரும் நாள் முழுதும் வடை சுட்டாலும் விமானங்களுக்குப் போதாது, தோழர்களே!

பழைய எண்ணெய் ஏன் மலிவு? மலிவாக வைத்திருக்கிறார்கள்! வானூர்தி சுமந்துவரும் எரிபொருளுக்குச் சுங்கம் கூடாது என்றது 1944இன் சிகாகோ உடன்படிக்கை. பின்வந்த உடன்பாடுகள் அச்சலுகையை அகலமாக்கின. 1997இன் கியோட்டோ உடன்பாடோ, நாடு கடந்து செல்லும் கப்பலின் புகையையும் விமானத்தின் புகையையும் நாடுகளின் கணக்கில் சேர்க்காமல் வெளியே வைத்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போடும் தொழிலாளி வரி கட்டுகிறான். கடல் கடந்து பறக்கும் கோடீசுவரனின் விமானத்துக்கு விலக்கு! இதற்குப் பெயர் சந்தையாம்.

‘ஏழையின் அரிசி விலை ஏறிவிடுமே’ என்று கண்ணீர் வடிப்போரும் உண்டு. அரிசி மூட்டையின் விலையில் கப்பல் எரிபொருளின் பங்கு சிறிது. புயலும் வறட்சியும் ஏற்றும் விலையோ பெரிது. அந்தக் கணக்கை இவர்கள் எழுதுவதில்லை.

விலையை இறக்க வழி தெரியாதா? பிரிட்டனைப் பாருங்கள். காற்றாலை அமைப்போருக்கு, ‘சந்தை விலை சரிந்தாலும் இன்ன விலை உமக்கு உறுதி, மிஞ்சினால் மிச்சத்தை எமக்குத் தா’ என்று அரசு ஒப்பந்தம் போட்டது. 2015 ஏலத்தில் மெகாவாட் மணிக்கு 114 பவுனுக்குக் குறையாதிருந்த கடற்காற்று மின்சாரம், 2019இல் 40 பவுன் அளவுக்கு இறங்கியது. (பின்னர் வட்டியும் தளவாட விலையும் கூடியபோது ஏறியதும் உண்மை, மறைப்பானேன்?) இறக்கியது சந்தையின் கருணை அன்று, அரசின் கையெழுத்து. அக்கையெழுத்தைத்தான் எரிபொருளுக்கும் கேட்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் நூற்றுக்கு 2, 2030இல் 6, 2050இல் 70 பங்கு தூய எரிபொருள் கலக்கவேண்டும் என்று விமான எரிபொருள் விற்போருக்குக் கட்டளையிட்டிருக்கிறது. நன்று. ஆனால், விலை உறுதி தராமல் கட்டளை மட்டும் இட்டால், விற்பவன் விலையை ஏற்றுவான், ஆலை எழாது. ஆலை எழ வேண்டிய பணம் அடிக்கடி பறப்போரிடமிருந்தும், புகை கக்கும் கப்பலிடமிருந்தும் வரட்டும்.

ஓராண்டுதானே என்கிறார்கள். ஒரு கப்பலின் ஆயுள் சற்றேறக்குறைய 25 ஆண்டு. கப்பற்புகையை 2050 வாக்கில் ஒழிப்போம் என்று 2023இல் உறுதி பூண்டது இதே அமைப்பு. தள்ளிவைத்த அந்த ஓராண்டில் எண்ணெய் எந்திரத்தோடு கட்டப்பட்ட கப்பல், 2050இலும் கடலில் கரும்புகை கக்கிக்கொண்டிருக்கும்.