பெரிய கம்பெனி வேலை: நல்லதா? கெட்டதா?

“பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து விட்டது!”

இந்தச் செய்தி வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் விசாரிக்கப் போனால் குழப்பம் வந்து விடுகிறது. “அந்த வேலையால்தான் என் தம்பியைப் படிக்க வைத்தேன்” என்கிறாள் ஒரு பெண். “அங்கே மட்டும் போகாதே” என்கிறாள், அதே கம்பெனியை விட்டு வந்த இன்னொரு பெண்.

யார் சொல்வது உண்மை?

இருவர் சொல்வதும் உண்மைதான். அது எப்படி என்று பார்ப்போம்.

ஐபோன் ஊர்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. ராமானுஜர் பிறந்த ஊர் என்று நம் தாத்தாக்கள் அறிந்த இடம். இன்று அந்த வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள். பக்கத்தில் சுங்குவார்சத்திரம். இங்கேதான் தைவான் நாட்டு “பாக்ஸ்கான்” கம்பெனி, அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனிக்காக ஐபோன்களைத் தயாரிக்கிறது.

வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 2021-ம் ஆண்டில் அவர்களில் பலருக்கு வயது 18 முதல் 22 வரைதான். அப்போது மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்தை விட இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம்.

வயல் வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் பணம் வரும். பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. தம்பியின் படிப்புச் செலவு, அப்பாவின் கடன், அம்மாவின் மருந்து எல்லாம் அந்தப் பணத்தில் நடக்கும். “கல்யாணம் இப்போது வேண்டாம்” என்று சொல்லும் தைரியமும் அந்தப் பெண்ணுக்கு வரும்.

“நல்ல வேலை” என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு டிசம்பர் இரவு

2021 டிசம்பரில், இந்தக் கம்பெனியின் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி விட்டது. 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடல் நலம் கெட்டது. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையல் கூடத்தில் எலிகள் இருந்தன. கழிவு நீர் சரியாகப் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று மற்ற பெண்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்து விட்டதாக வதந்தி பரவியது. அது பொய். ஆனால் பொய் என்று சொல்லி அவர்களை நம்ப வைக்க ஆள் இல்லை. 17-ந் தேதி இரவு பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2022 ஜனவரி 12-ந் தேதிதான் மீண்டும் திறந்தது.

அப்போதுதான் விடுதிகளின் நிலை வெளியே வந்தது. ஒரே அறையில் 30 பேர் வரை தங்கியதாகவும், தரையில் படுத்ததாகவும், கழிப்பறையில் தண்ணீர் வராது என்றும் பெண்கள் கூறினார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன்னுடைய விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியும் ஒப்புக்கொண்டது.

“போகாதே” என்று சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

கவனியுங்கள். வேலை நடந்தது கம்பெனியில். விடுதியும் சாப்பாடும் காண்டிராக்டர் பொறுப்பில் இருந்தன. வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் பெண்ணின் நிலைமை வேறொருவர் கையில் இருந்தது. ஒருத்தி சொன்னது வாசலுக்கு உள்ளே நடந்தது. இன்னொருத்தி சொன்னது வாசலுக்கு வெளியே நடந்தது.

மறியல் வீண் போகவில்லை. தமிழக அரசின் “சிப்காட்” நிறுவனம் வல்லம் வடகாலில் 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில் பெரிய விடுதி கட்டியது. 18,720 பெண்கள் தங்கலாம். 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது.

சம்பளம் மட்டும் போதுமா?

இதே வட்டாரத்தில் தென்கொரியாவின் சாம்சங் கம்பெனியும் இருக்கிறது. பிரிட்ஜ், டெலிவிஷன், சலவை எந்திரம் செய்கிறார்கள். இந்த வட்டாரத்தில் மற்றவர்கள் வாங்குவதைப் போல 1.8 மடங்கு சம்பளம் கொடுக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. அப்படியிருந்தும் 2024 செப்டம்பர் 9-ந் தேதி தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அது 37 நாள் நீடித்தது.

அதிகச் சம்பளம் கேட்டார்கள். அதோடு, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதே ஆண்டு மே மாதத்தில் சம்பள ஒப்பந்தம் வந்தது. மூன்று ஆண்டுகளில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் உயரும் என்று முடிவாயிற்று.

அங்கே பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். இங்கே ஆண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. குறையைச் சொன்னால் கேட்பதற்கு உள்ளே ஆள் இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள்.

எத்தனை நாள் வேலை?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் ஆண்டு நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. உலகப் புகழ் பெற்ற பெயர். பல ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். வரி வழக்கில் அது சிக்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. இருபது வயதுக் காரர்கள் பலர் வேலையில்லாமல் ஊர் திரும்பினார்கள். கம்பெனி பெரியதாக இருந்தால் வேலையும் நிலையாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

பெண்களுக்கு இன்னொரு கவலை. கல்யாணமான பெண்களை ஐபோன் தொழிற்சாலையில் சேர்ப்பதில்லை என்று 2024 ஜூனில் செய்தி வந்தது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

பெற்றோர்களே, கேளுங்கள்!

மகளை அனுப்பலாமா, வேண்டாமா? கம்பெனியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும்? கம்பெனியா, காண்டிராக்டரா? வருங்கால வைப்பு நிதிக்குப் பணம் கட்டுகிறார்களா?

இரண்டு: விடுதியை நடத்துவது யார்? தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? முடிந்தால் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். சமையல் அறையையும் கழிப்பறையையும் பாருங்கள்.

மூன்று: எத்தனை மணி நேர வேலை? வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம்.

நான்கு: குறை இருந்தால் யாரிடம் சொல்வது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் விசாரிக்க ஒரு குழு இருந்தே ஆகவேண்டும். இது 2013-ம் ஆண்டுச் சட்டம். பெண்கள் 181 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் உதவி கேட்கலாம்.

முதல் மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்து, நான்காவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் யோசியுங்கள். சமையல் அறையில் எலி இருந்தது ஒரு குறை. அதைச் சொல்ல இடம் இல்லாததுதான் அந்தப் பெண்களை நெடுஞ்சாலைக்குக் கொண்டு வந்தது.