ஏக்கர் கணக்கும் மாட்டுக் கணக்கும்

சேலத்திலிருந்து பெங்களூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஓசூர் வந்ததும் ஒரு காரியம் செய்வார்கள். 'இங்கே ஒரு சென்ட் என்ன விலைங்க?' என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார்கள். அந்த ஊரில்தான் மத்திகிரி கால்நடைப் பண்ணை இருக்கிறது. சுமார் 1,640 ஏக்கர்! பி.காம். படித்தவன் வாயில் ஈ போவது தெரியாமல் பெருக்கிப் பார்க்கிற நிலம்.

1824-ல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க வெள்ளைக்காரன் தொடங்கியது. 1965 வரை ஓசூர் நம்ம பழைய சேலம் ஜில்லாதான். குதிரைப் பட்டாளம் போய், இன்று அரசுக் கால்நடைப் பண்ணை. அதே மத்திகிரியில் கோழியினக் கல்லூரியும் இருக்கிறது.

'பண்ணையில லாபம் வருதா சார்?' என்று கேட்காதீர்கள். காலேஜ் லேப் லாபம் காட்டுகிறதா? மாட்டு வைத்தியம் படிக்கிற பையன் சினை பார்க்க வேண்டுமானால், தோள் வரை கையை உள்ளே விட்டே ஆக வேண்டும். புத்தகத்துப் படம் உதைக்காது. நிஜ மாடு உதைக்கும். எங்கே நின்றால் உதை விழாது என்பதைப் பண்ணைதான் சொல்லித் தரும்.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கோழியும் முட்டையுமாகப் பிழைக்கிற ஜில்லா. கை பழகாத டாக்டர் வந்தால் நஷ்டம் யாருக்கு?

ஆகவே, 'இவ்வளவு நிலம் சும்மா கிடக்குதே, பிளாட் போடலாமே' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். மனை பிரித்த நிலத்தில் மறுபடி மாடு மேயாது. ராத்திரி 2 மணிக்கு ஊரில் உங்கப்பாவின் மாடு கன்று போட முடியாமல் தவிக்கும்போது, பத்திரத்தையா காட்டுவீர்கள்? பழகின கை ஒன்று வேண்டும்!